கூலி என்றால் கோபம் வருமா?

கூலி என்ற வார்த்தையைக் கேட்டால் தமிழ்நாட்டுத் தொழிலாளிக்குக் கோபம் வருமா? வராது. கூலியைக் குறைத்தால்தான் வரும்! "கூலியை உயர்த்து" என்று அவன் கோஷம் போடுகிறான். "கூலி வேலைக்குப் போய் வருகிறேன்" என்று கூச்சமில்லாமல் சொல்கிறான். 2025 ஆகஸ்டில் ரஜினிகாந்த் நடித்த சினிமாவே இந்தப் பெயரில் வந்தது. சுவரெல்லாம் 'கூலி' என்று ஒட்டினார்கள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

இதே வார்த்தையைத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஒரு தமிழரைப் பார்த்துச் சொல்லுங்கள், பார்க்கலாம்! அவரும் நமது ஜில்லாக்களிலிருந்து கப்பலேறிப் போனவர்களின் வழியில் வந்தவர்தான். தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர்தான். ஆனால் 'கூலி' என்று ஒருவன் அழைத்தால், பெற்ற தாயைப் பழித்ததற்குச் சமமாக எடுத்துக்கொள்வார். கயானாவிலும் டிரினிடாடிலும் உள்ள இந்திய வம்சாவளியினர் பலருக்கும் அப்படித்தான்.

"ஒவ்வொரு நாட்டுக்கு ஒவ்வொரு கலாசாரம், அங்கே உள்ளவர்கள் கொஞ்சம் ரோஷக்காரர்கள்" என்று சமாதானம் சொல்லும் கனவான்கள் உண்டு. "வார்த்தை வெறும் சத்தம்தானே, அதற்கு இவ்வளவு ஆத்திரமா?" என்று புத்தி சொல்பவர்களும் உண்டு. இரண்டு பேச்சையும் நாம் ஏற்கவில்லை.

சத்தத்தில் ஒன்றுமில்லை என்பது வாஸ்தவம்தான். கனடா நாட்டின் கியூபெக் மாகாணத்தைப் பாருங்கள். அங்கே பிரெஞ்சு பேசும் ஜனங்களின் மிகக் கடுமையான வசவுகளில் ஒன்று எது தெரியுமா? 'தபர்நாக்'! மாதாகோவிலில் நற்கருணை அப்பத்தை வைக்கும் பேழையின் பெயர் அது. பூசைக் கிண்ணத்தின் பெயர் இன்னொரு வசவு. அதே பிரெஞ்சு பேசும் பாரிஸ்காரனுக்கு இதைக் கேட்டால் சிரிப்புத்தான் வரும். காரணம் என்ன? கியூபெக்கில் 1960-களின் தொடக்கம் வரை பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் குடும்ப வாழ்க்கையும் கத்தோலிக்கத் திருச்சபையின் பிடியில் இருந்தன. எது தலைமேல் ஏறி உட்கார்ந்திருந்ததோ, அதன் பொருள்களின் பெயரைச் சொல்லியே ஜனங்கள் ஆத்திரத்தைத் தீர்த்துக்கொண்டார்கள். ஹாலந்துக்காரர்கள் புற்றுநோய், காசம், விஷக் காய்ச்சல் என்று வியாதிகளின் பெயரைச் சொல்லித் திட்டுகிறார்கள்.

இவ்வளவு தூரம் போவானேன்? நமது ஊர்களில் இரண்டு சிநேகிதர்கள் அச்சில் ஏற்ற முடியாத வார்த்தைகளால் ஒருவரையொருவர் அழைத்தபடி தோள்மேல் கைபோட்டுப் போவதைத் தினமும் பார்க்கிறோம். அந்த வார்த்தைகளில் பாதியை மேஸ்திரி சொல்லட்டும், அன்று மாலை ஆலை வாசலில் கூட்டம் கூடிவிடும்! வாயும் ஒன்று, வார்த்தையும் ஒன்று. சொல்கிறவன் கையில் என்ன அதிகாரம் இருக்கிறது என்பதில்தான் விஷம்.

கப்பலேறிய வார்த்தைகள்

1860 அக்டோபரில் 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டது. நவம்பர் 16-ந் தேதி 342 பேரை நேட்டால் கரையில் இறக்கியது. வெள்ளை முதலாளிகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. அடிமை முறையை பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தில் 1830-களிலேயே ஒழித்தாகிவிட்டது. ஆகவே ஒப்பந்தம் என்ற புதுப் பெயரில் ஆள் பிடித்தார்கள். 1911-ல் நேட்டாலுக்கு ஆள் அனுப்புவது நிறுத்தப்படும் வரை சுமார் 1,52,000 பேர் போனார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னையில் கப்பலேறிய தமிழரும் தெலுங்கரும். முதல் வருஷச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங். அனுமதிச் சீட்டில்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே போனால் தண்டனை. ஒப்பந்தம் முடிந்து சுதந்திரமாக வாழ நினைத்தவன் தலையில் வருஷத்துக்கு 3 பவுன் வரி விதிக்க 1895-ல் சட்டம் செய்தார்கள். 3 பவுன் என்றால் 60 ஷில்லிங். முதல் வருஷத் தொழிலாளியின் ஆறு மாதச் சம்பளம்! 1913-ல் சுரங்கத்திலும் தோட்டத்திலும் வேலைநிறுத்தம் நடந்து, தில்லையாடி வள்ளியம்மை போன்றோர் சிறை சென்று உயிரைக் கொடுத்த பிறகுதான் 1914-ல் அந்த வரி ஒழிந்தது.

இந்த மனிதர்களுக்கு சர்க்கார் காகிதங்களில் இருந்த பெயர் 'கூலி'. அது நமது கூலியிலிருந்து வந்ததா, குஜராத்தின் கோலி சமூகத்தின் பெயரிலிருந்து வந்ததா என்று பண்டிதர்கள் வாதாடுகிறார்கள், வாதாடட்டும். வார்த்தையை ஊர் ஊராகச் சுமந்து சென்றது பிரிட்டிஷ் ஏகாதிபத்தியம். சீனாவுக்குப் போனபோது சீனர்கள் அதை இரண்டு எழுத்துக்களில் எழுதினார்கள். ஒன்றுக்குக் கசப்பு என்று பொருள், மற்றதற்கு வலிமை என்று பொருள். எவ்வளவு பொருத்தம்!

தென்னாப்பிரிக்காவில் அது தொழிலின் பெயராக நிற்கவில்லை. இந்தியன் என்று பிறந்த எல்லோருக்கும் பெயராயிற்று. கடைக்காரர் 'கூலி வியாபாரி'. சட்டம் படித்து 1893-ல் போய் இறங்கிய காந்தி 'கூலி பாரிஸ்டர்'. டிரான்ஸ்வாலில் 1885-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தப் பெயரை எழுதியே பிரஜா உரிமையைப் பறித்தது. சொந்த நிலம் கிடையாது. ஒதுக்கிய இடத்தில்தான் குடியிருக்க வேண்டும். அந்த இடத்துக்கும் 'கூலி லொகேஷன்' என்றே பெயர். ஐம்பது அறுபது வருஷம் ஒரு வார்த்தையைச் சாட்டையோடும் வரியோடும் சேர்த்தே கேட்ட காது, அதைக் கேட்டதும் கொதிக்காமல் என்ன செய்யும்?

இன்னொரு தமிழ் வார்த்தை பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். முனுசாமி, ராமசாமி, கோவிந்தசாமி என்று தமிழர்களின் பெயர்கள் முடிவதைப் பார்த்த வெள்ளையர்கள் ஆண்கள் அத்தனை பேரையும் 'சாமி' என்றே அழைத்தார்கள். கடவுளுக்கும் எஜமானுக்கும் உரிய வார்த்தை அங்கே 'ஏய்' என்பதற்குச் சமமாகிவிட்டது. காந்தியைக் கோச்சு வண்டியில் வண்டிக்காரன் காலடியில் உட்காரச் சொல்லி அடித்த வெள்ளையன் அவரைக் கூப்பிட்டது அந்தப் பெயரைச் சொல்லித்தான். இதைப் பற்றிக் காந்தி தமது சுயசரிதையில் ஒரு ருசிகரமான விஷயம் சொல்கிறார். சில இந்தியர்கள் திருப்பிக் கேட்பார்களாம்: சாமி என்றால் எஜமான் என்று அர்த்தம், நான் உனக்கு எஜமான் இல்லையே என்று! அதைக் கேட்டுக் கூசிய வெள்ளையரும் உண்டு. ஆத்திரம் வந்து அடித்தவர்களும் உண்டாம். பெயர் தெரியாத அந்த மனிதர்களை நினைத்தால் நமக்குக் கீழத் தஞ்சைப் பண்ணையாட்கள்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள். 1940-களில் பி. சீனிவாச ராவும் அவரது தோழர்களும் அங்கே போனபோது, மரக்கால் நெல்லைப் பற்றி மட்டும் பேசவில்லை. 'டேய்' என்று அழைப்பதைப் பற்றியும் பேசினார்கள்.

இங்கிலீஷ் பத்திரிகைக்காரர்களுக்கு

மூன்றாவது வார்த்தைதான் நம்மை மிகவும் சுடுகிறது. இங்கிலீஷில் 'பரையா' என்று ஒரு சொல் இருக்கிறது. உலக வல்லரசுகளுக்குப் பிடிக்காத நாட்டைப் 'பரையா நாடு' என்று லண்டன் பத்திரிகைகள் எழுதுகின்றன. நமது நாட்டு இங்கிலீஷ் பத்திரிகைகளும் கூசாமல் எழுதுகின்றன. அது தமிழ்நாட்டின் உழைக்கும் சமூகம் ஒன்றின் பெயர் என்ற நினைப்பே இல்லை! பறையர் என்ற ஜனங்களின் பெயரைத் 'தள்ளி வைக்கப்பட வேண்டியவன்' என்ற பொருளில் அகராதியில் ஏற்றிவிட்டார்கள். லண்டன்காரனுக்கு அது வெறும் இங்கிலீஷ் சொல். நமது சேரியில் வளர்ந்து இங்கிலீஷ் படித்த ஒரு மாணவன் அந்தத் தலைப்பைப் படிக்கும்போது அவன் மனசு என்ன பாடுபடும்?

ஆனால் இந்தச் சொல்லுக்கு வேறொரு சரித்திரமும் உண்டு. 1922 ஏப்ரலில் பாரிஸ் நகரில் 'லெ பாரியா' என்று ஒரு பத்திரிகை வந்தது. பிரெஞ்சு ஏகாதிபத்தியத்தின் கீழ் கிடந்த ஆப்பிரிக்கர்கள், இந்தோசீனர்கள், மேற்கிந்தியத் தீவினர் கூடி நடத்திய பத்திரிகை. அதை முன்னின்று நடத்தியவர் நுயென் ஆய் குவோக். பின்னாளில் உலகம் அவரை ஹோ சி மின் என்று அறிந்தது! தள்ளப்பட்டவன் என்று நீ வைத்த பெயரையே தலைப்பில் போடுகிறேன் பார் என்ற சவால் அது.

அதற்கு 29 வருஷம் முன்பே, 1893-ல், சென்னையில் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்று தமது பத்திரிகைக்குப் பெயர் வைத்தார். பிற்பாடு தென்னாப்பிரிக்காவுக்குப் போய் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தவரும் அவர்தான். அதே காலத்தில் வாழ்ந்த அயோத்திதாசப் பண்டிதருக்கு அந்தப் பெயர் உவப்பாயில்லை. பிறர் சுமத்திய இழிவை நாமே ஏன் சுமக்க வேண்டும் என்ற கட்சி அவருடையது. 1907-ல் அவர் தொடங்கிய பத்திரிகையின் பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. ஒருவர் வார்த்தையைப் பிடுங்கித் தன் கொடியில் கட்டினார். ஒருவர் வீசி எறிந்தார். யார் சரி? இருவருக்கும் அந்த உரிமை இருந்தது என்பதே நமது அபிப்பிராயம். அடிபட்டவன் அந்தத் தடியை ஊன்றுகோலாக வைத்துக்கொள்ளலாம், அடுப்பில் வைத்து எரிக்கலாம். அடித்தவன் வந்து, "அது வெறும் மரக்கட்டைதானே" என்று சொல்லக் கூடாது.

1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொது இடத்தில் ஜாதிப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்துவதைக் குற்றமாக்கியது. "சர்ட்டிபிகேட்டில் உள்ள பெயரைத்தானே சொன்னேன்" என்று வாதாடுகிறவர்களை நாம் தாலுகா ஆபீஸ் வாசலிலேயே பார்க்கிறோம். நேட்டால் தோட்ட முதலாளியும் காகிதத்தில் உள்ள பெயரைத்தான் சொன்னான்.

நமது வாயில் உள்ள வார்த்தை

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அது யோக்கியமாகாது. 'கூலி' என்று கேட்டுக் கொதித்த அதே தென்னாப்பிரிக்க இந்தியர்களில் பலர், அந்த மண்ணின் மைந்தர்களை 'காஃபிர்' என்று அழைத்தார்கள். அராபிய மொழியில் 'நம்பிக்கையற்றவன்' என்று பொருள்படும் வார்த்தை. வெள்ளையர் வாயில் அது ஆப்பிரிக்கரை மிருகமாக்கும் வசவாயிற்று. காந்தியின் ஆரம்பகால எழுத்துக்களிலும் அது வருகிறது. ஆப்பிரிக்கர்கள் அதை மறக்கவில்லை. 2016-ல் கானா சர்வகலாசாலையில் வைத்த காந்தி சிலையை, ஆசிரியர்களும் மாணவர்களும் எதிர்ப்புத் தெரிவித்ததால், 2018 டிசம்பரில் எடுத்துவிட்டார்கள். நமது பத்திரிகைகள் சில இதை நன்றிகெட்ட செயல் என்று வருணித்தன. ஏன் நன்றிகெட்ட செயல்? 'கூலி' என்றவனுக்கு நாம் சிலை வைப்போமா என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம்.

கீழே உள்ளவன் தனக்கும் கீழே ஒருவனைத் தேடும் இந்த வியாதியால் லாபமடைந்தது யார்? 1949 ஜனவரியில் டர்பனில் ஓர் ஆப்பிரிக்கப் பையனை இந்தியர் ஒருவர் அடித்ததில் தொடங்கி ஊரே பற்றியெரிந்தது. சர்க்கார் கணக்குப்படியே 142 பேர் மாண்டார்கள். அவர்களில் ஆப்பிரிக்கரே அதிகம். இதற்கு மருந்தும் அந்த மண்ணிலேயே இருந்தது. 1947 மார்ச்சில் கம்யூனிஸ்டு தலைவர் டாக்டர் யூசுப் தாதூவும், டாக்டர் மான்ட்டி நாயக்கரும், ஆப்பிரிக்க தேசிய காங்கிரசின் டாக்டர் சூமாவும் ஒன்றுபட்டுப் போராடக் கையெழுத்திட்டிருந்தார்கள். கலவரம் மூண்டபோது இரண்டு காங்கிரஸ்களின் தலைவர்களும் சேர்ந்து ஜனங்களிடம் அமைதி கோரினார்கள். 2018-ல், உதவிக்கு வந்த கறுப்புப் போலீஸ்காரர்களை அந்த வார்த்தையால் 48 தடவை திட்டிய ஒரு வெள்ளைக்காரப் பெண்மணிக்குத் தென்னாப்பிரிக்க நீதிமன்றம் சிறைத் தண்டனையே விதித்தது. வார்த்தைக்குச் சிறையா என்று வெளிநாட்டார் வியந்தார்கள்.

அந்த வார்த்தை நம்மிடமும் இருக்கிறது, 'காப்பிரி' என்கிறோம். இலங்கையில் புத்தளத்துக்கு அருகே சிரம்பியடியில் வாழும் ஆப்பிரிக்க வம்சத்தினர் தங்களை அந்தப் பெயராலேயே சொல்லிக்கொள்கிறார்கள். அவர்கள் சொல்லும்போது அது பெயர். கறுத்துப் பிறந்த குழந்தையைப் பார்த்து நமது வீட்டுத் திண்ணையில் சொல்லும்போது அது வசவு. அதே இலங்கையில் தேயிலைத் தோட்டத் தமிழரைத் 'தோட்டக்காட்டான்' என்று அழைத்தது யார்? சிங்களவரா? தமிழ் பேசும் பெரிய மனிதர்கள்தான்! கூலிகளாகப் போய் மலையைத் தோட்டமாக்கிய ஜனங்களுக்குத் தமிழர் கொடுத்த பட்டம் அது.

வார்த்தையை மாற்றிவிட்டால் போதும் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். 2016 பிப்ரவரி ரெயில்வே பட்ஜெட்டில் மந்திரி சுரேஷ் பிரபு ஓர் அறிவிப்புச் செய்தார்: ஸ்டேஷன்களில் சுமை தூக்குபவர்களை இனிக் 'கூலி' என்று அழைக்கக் கூடாது, 'சகாயக்' என்று அழைக்க வேண்டும். நல்லது, மரியாதை வேண்டியதுதான். சிவப்புச் சட்டை போட்ட அந்தத் தொழிலாளி லைசென்ஸ் பெற்றவர். ரெயில்வே சிப்பந்தி அல்ல. ஆகவே அறிவிப்புக்கு முன்பும் மாதச் சம்பளம் இல்லை, பின்பும் இல்லை. பயணி கொடுக்கும் சுமைக் கூலிதான். சக்கரம் வைத்த பெட்டிகள் வந்த பிறகு அதுவும் குறைந்துபோயிற்று. பிளாட்பாரத்தில் அவர்களைக் கேட்டுப் பாருங்கள், 'சகாயக்' என்று யாராவது கூப்பிடுகிறார்களா என்று.