பழைய வாத்தியாரைத் திரும்பக் கூப்பிட்டால் பழைய மார்க் வந்துவிடுமா?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இல்லாதவர்கள் லைக் போட்டுவிட்டுப் போய்விடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

முசரவாக்கம் டீக்கடையில் இரண்டு பையன்களுக்குள் சண்டை. இருவருமே என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர்கள். சென்னையின் எஃப்.சி. பற்றி வாக்குவாதம். "ஓவன் காயிலை மறுபடியும் கூப்பிடணும் சார், டீமை அவராலதான் கட்ட முடியும்" என்கிறான் ஒருவன். "டீமை நாசம் பண்ணதே அவர்தான்" என்கிறான் இன்னொருவன். தீர்ப்பு சொல்ல என்னைப் பார்த்தார்கள். இரண்டு பேரும் தப்பு என்றேன். டீ ஆறிப்போனதுதான் மிச்சம். அதனால் இங்கே எழுதுகிறேன்.

2019 டிசம்பரில் காயில் முதல் முறை வந்தார். அதற்குமுன் ஜான் கிரிகரியின் கீழ் 6 ஆட்டத்தில் 5 புள்ளிதான். காயில் வந்த பிறகு 12 ஆட்டத்தில் 24 புள்ளி. நான்காம் இடம், அரையிறுதியில் கோவாவை 6-5 என்று சாய்த்து இறுதிப்போட்டி. 2020 மார்ச் 14, கொரோனாவால் ஆளே இல்லாத ஃபட்டோர்டா மைதானத்தில் ஏ.டி.கே.யிடம் 3-1 என்று தோல்வி. தோற்றாலும் அந்த மூன்று மாதத்தை யாரும் மறக்கவில்லை. நானும்தான்.

ஆனால் அது டீம் கட்டிய வேலையா? வால்ஸ்கிஸ், கிரிவெல்லாரோ, தாப்பா, சாங்தே எல்லாரும் அவர் வருமுன்பே அங்கே இருந்தவர்கள். வால்ஸ்கிஸ் ஒருவரே அந்த சீசனில் 15 கோல். நம்ம ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நல்ல பாவு ஏற்றிய தறியில் அறுந்த இழையை முடிச்சுப் போட்டு ஓட்டுவது ஒரு வேலை. வெறும் தறியில் புதுப் பாவு ஏற்றுவது வேறு வேலை. முன்னதில் கெட்டிக்காரர் என்பதற்காகப் பின்னதையும் அவர் தலையில் கட்டிவிட்டு, போன முறை மாதிரியே சீக்கிரம் சேலை வேண்டும் என்றால் எப்படி?

அவர் போன பின் மூன்று பயிற்சியாளர்கள், மூன்று சீசனிலும் எட்டாம் இடம். 2023இல் காயிலையே திரும்ப அழைத்தார்கள். கிரிவெல்லாரோவும் திரும்பி வந்தார். பழைய படத்தை ரீ-ரிலீஸ் செய்த மாதிரி எல்லாருக்கும் குஷி. தாப்பா, சாங்தே, வால்ஸ்கிஸ் மூவரும் இல்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை.

2023-24இல் 22 ஆட்டம், 27 புள்ளி, ஆறாம் இடம். பிளே-ஆஃப் போனார்கள், கோவாவிடம் தோற்றார்கள். "பார்த்தீர்களா, டீம் எழுந்துவிட்டது" என்று கொண்டாட்டம். அடுத்த சீசனில் 24 ஆட்டம், அதே 27 புள்ளி! தோல்விகூட அதே 11. ஆனால் 13 அணியில் 11ஆம் இடம். உடனே "காயில் தண்டம்". அவர் போய்விட்டார்.

முப்பது வருஷத்துக்கு மேல் ரேங்க் கார்டு எழுதிய கை இது. ஒரு பையன் இரண்டு பரீட்சையிலும் ஒரே மார்க் வாங்குகிறான். கூடப் படித்தவர்கள் சரியாகப் படிக்காதபோது ரேங்க் ஏறியது, அவர்கள் படித்ததும் இறங்கியது. முதல் முறை மாலை, இரண்டாம் முறை பிரம்பா? முதல் 27ஐயே உட்கார்ந்து அலசியிருக்க வேண்டாமா?

சரி, காயிலுக்குக் கட்டவே தெரியாதா என்றால், அதுவும் பொய். ஜாம்ஷெட்பூரில் முதல் சீசன் 20 ஆட்டத்தில் 27 புள்ளி, ஆறாம் இடம். (இந்த 27 அவரை விடாது போல!) அடுத்த சீசன் அதே 20 ஆட்டத்தில் 43 புள்ளி, லீக் ஷீல்டு. அங்கே இரண்டாம் வருஷம் கிரெக் ஸ்டூவர்ட் போன்ற ஆட்டக்காரர் கையில் இருந்தார். ஆள் அதே காயில். 27க்கு அடுத்தது அங்கே 43, இங்கே மறுபடியும் 27. அப்படியானால் கேட்க வேண்டியது "காயில் பொருத்தமா?" என்பதில்லை. "அவர் கையில் எதைக் கொடுத்தீர்கள், எத்தனை வருஷம் கொடுப்பதாக இருந்தீர்கள்?" என்பதுதான். இதை ரசிகர்கள் கேட்பதில்லை. கோச்சைத் திட்டுவது சுலபம்.

எனக்கு ஏன் இவ்வளவு சூடு என்று கேட்பீர்கள். ஒரு பள்ளிக்கு என்னை இரண்டு முறை மாற்றல் செய்தார்கள். முதல் முறை வகுப்பு நிறையப் பிள்ளைகள், என்னோடு நான்கு ஆசிரியர்கள். நல்ல பெயர் கிடைத்தது. பல வருஷம் கழித்து "நீங்கள் போனால்தான் சரியாகும்" என்று அதே பள்ளிக்கு அனுப்பினார்கள். ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் மஞ்சள் வேன் அள்ளிக்கொண்டு போயிருந்தது. ஐந்து வகுப்புக்கும் சேர்த்து இரண்டு ஆசிரியர்கள். வருஷக் கடைசியில், "அப்போ செய்தீங்களே, இப்போ என்ன ஆச்சு?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லத் தோன்றவில்லை.

2025இல் கிளிஃபோர்ட் மிராண்டாவை நியமித்தார்கள். நம் நாட்டுக்காரர், ஆட்டக்காரராக இருந்தவர். அவரையும் ஒரே சீசன் ரேங்க்கை வைத்து டீக்கடையில் தூக்கில் போடுவார்கள், பார்த்துக்கொண்டே இருங்கள்.

திட்டுபவர்கள் கமெண்டில் தாராளமாகத் திட்டலாம். ஒரே நிபந்தனை. அந்த இரண்டு 27க்கும் கணக்குச் சொல்லிவிட்டுத் திட்டுங்கள்.