ஊர் திரும்பியவருக்கும் வீட்டுக்கடன் வேண்டும்

வளைகுடாவில் பல்லாண்டு உழைத்துத் திரும்புபவர் வீட்டுக்கடனுக்காக வங்கிப் படியேறினால், முதலில் கேட்கப்படுவது வருமான வரிக் கணக்கு. வளைகுடாவில் சம்பளத்துக்கு வரி கிடையாது. அந்தச் சம்பளத்துக்காக இங்கே கணக்குத் தாக்கல் செய்யவேண்டிய தேவையும் இருக்கவில்லை. மாதந்தோறும் என்.ஆர்.இ. எனும் வெளிநாடுவாழ் இந்தியர் கணக்கில் பணம் வரவான பாஸ்புக்கை நீட்டினாலும், "இப்போதைய சம்பளச் சீட்டு எங்கே?" என்கிறார்கள். கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையிலோ மதிப்பெண்ணே இல்லை. கடன்படாமல் வாழ்ந்ததற்குத் தண்டனையா? கடன் வரலாறு இல்லை என்பதற்காக மட்டும் முதல்முறை விண்ணப்பங்களை நிராகரிக்கக் கூடாதென ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியிலேயே அறிவுறுத்தியிருக்கிறது. அது கிளை மேலாளரின் மேசைவரை வந்து சேரவேண்டும். திருப்பிச் செலுத்த வருமானம் உண்டா என்று வங்கி பார்ப்பது நியாயமே. ஊரில் தொடங்கிய தொழிலின் வரவோடு வெளிநாட்டுச் சேமிப்பையும் சேர்த்துப் பார்க்கட்டும். மாநில அளவிலான வங்கியாளர் குழு இதற்கொரு தெளிவான நடைமுறையை உடனே வகுக்க வேண்டும்.