கிராம சபையில் எங்களுக்குப் பத்து நிமிடம் கொடுங்கள்

திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டாரப் பொதுமக்களுக்கு:

நாங்கள் உயிரித்தொழில்நுட்பம் படிக்கும் மாணவர்கள். நுண்ணுயிரின் மரபணுவை மாற்றி அதை ஒரு வேலைக்குப் பழக்கும் செயற்கை உயிரியலில் அணியாக இறங்கியிருக்கிறோம். பெயர்தான் புதிது. சர்க்கரை நோயாளிகள் போட்டுக்கொள்ளும் இன்சுலின் 1982 முதலே இப்படி மாற்றிய பாக்டீரியாவிலிருந்து சந்தைக்கு வருகிறது.

இத்துறை மாணவர்களுக்கு ஐஜெம் என்ற உலகப் போட்டி ஆண்டுதோறும் நடக்கிறது. சென்னை ஐஐடி, தஞ்சாவூர் சாஸ்த்ரா, நமக்குப் பக்கத்துப் பென்னலூரின் ஸ்ரீ வெங்கடேஸ்வரா பொறியியல் கல்லூரி அணிகள் அதில் கலந்துகொண்டிருக்கின்றன. மக்களிடம் பேசினீர்களா, அவர்கள் சொல்லி எதை மாற்றினீர்கள் என்றும் அங்கே கேட்பார்கள். அதற்கு எளிய வழி ஒன்று உண்டு: பள்ளிக்கூடத்தில் வாழைப்பழத்தை மசித்து, உப்பும் பாத்திரம் கழுவும் சோப்பும் சேர்த்து, குளிர்ந்த ஸ்பிரிட் ஊற்றினால் டிஎன்ஏ வெள்ளை இழையாக மேலே வரும். பிள்ளைகளுக்குப் பிடிக்கும், கூப்பிட்டால் வந்து செய்து காட்டுகிறோம். ஆனால் அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு மக்களிடம் பேசிவிட்டோம் என்று சொல்ல எங்களுக்குக் கூச்சமாக இருக்கிறது.

2010இல் மரபணு மாற்றிய பிடி கத்தரிக்காயை நிறுத்திவைக்கும் முன் அப்போதைய மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் மக்கள் கருத்தைக் கேட்டார். ஏழில் ஒன்றுகூடத் தமிழ்நாட்டில் இல்லை. எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு வைக்கும் ஊர்க்காரர்களை விட்டுவிட்டார்கள்! பெரிய கூட்டங்கள் அப்படித்தான். சின்னக் கூட்டத்தை நாமே நடத்தலாம்.

இதே ஐஜெம் போட்டிக்காக எடின்பரோ மாணவர்கள் 2006இல் தண்ணீரில் ஆர்சனிக் இருந்தால் காட்டிக்கொடுக்கும் பாக்டீரியாவை உருவாக்கினார்கள். வங்கதேசக் கிணறுகளை மனத்தில் வைத்துச் செய்தது அது. இங்கே எதைத் தேடுவது? சிப்காட்டைச் சுற்றியுள்ள வீடுகளில் எந்த போர்வெல் தண்ணீரைக் குடிக்காமல் துவைக்க மட்டும் வைத்திருக்கிறார்கள், எந்த ஆண்டிலிருந்து என்று வீட்டுப் பெண்களுக்குத்தான் தெரியும். பாடு முறையில் வலை போடும் பழவேற்காட்டு மீனவர்களுக்கு ஏரி நீரின் குணம் அத்துப்படி. இதையெல்லாம் கேட்காமல் நாங்களாக ஒரு பிரச்சினையைத் தேர்ந்தெடுத்தால் அது போட்டிக்குத்தான் உதவும்.

மாற்றிய கிருமி ஊருக்குள் வந்துவிடுமோ என்ற பயம் நியாயமானது. மரபணு மாற்றிய உயிர்கள் பற்றிய மத்திய அரசின் 1989ஆம் ஆண்டு விதிகளின்படி உரிய அனுமதி இல்லாமல் அதை வெளியே விட முடியாது, போட்டியும் அனுமதிக்காது. ஆகவே தண்ணீர்தான் ஆய்வகத்துக்கு வரும், பாக்டீரியா ஊருக்கு வராது. அப்படியும் வேண்டாம் என்று உங்கள் ஊர் சொன்னால் உங்கள் தண்ணீரைத் தொட மாட்டோம். அந்த மறுப்பையும் எங்கள் அறிக்கையில் எழுதுவோம்.

ஊராட்சி நிர்வாகத்தினரே, நவம்பர் 1 உள்ளாட்சி தினக் கிராம சபையில் எங்களுக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். எங்களில் தெலுங்கு பேசுபவர்களும் உண்டு. ஷிப்ட் வேலையால் வர முடியாத தொழிலாளர்களை ஞாயிற்றுக்கிழமை அவர்கள் தங்கியிருக்கும் இடத்திலேயே வந்து பார்க்கிறோம். இந்தி, ஒடியா தெரிந்தவர்கள் துணைக்கு வந்தால் நல்லது.

வருபவர்கள், வாய்ப்பிருந்தால், சுத்தமான பாட்டிலில் ஒரு லிட்டர் தண்ணீர் கொண்டுவாருங்கள். ஊர், போர்வெல்லின் ஆழம், பிடித்த தேதி மூன்றையும் மேலே எழுதி ஒட்டுங்கள். குடிக்கலாமா என்று நாங்கள் தீர்ப்புச் சொல்ல முடியாது. அது குடிநீர் வடிகால் வாரியப் பரிசோதனைக் கூடத்தின் வேலை. அங்கே விண்ணப்பிக்க மனு எழுத வேண்டுமானால், அதையும் அன்றே உட்கார்ந்து எழுதித் தருகிறோம்.