சிறையிலிருக்கும் நோயாளியிடம் ஸபரை மட்டும் சொல்லலாமா?

நெஞ்சு வலிக்கிறது, சர்க்கரை மாத்திரை கிடைக்கவில்லை என்று சிறையிலிருக்கும் மகன் நேர்காணலில் சொல்லும்போது, நம் குடும்பங்களில் பலர் தரும் பதில், "யாரிடமும் சொல்லாதே, ஸபர் செய்" என்பதே. அந்த அச்சத்தை நாம் எள்ளி நகையாடவில்லை. புகார் கொடுத்தவரைத் தனியறையில் அடைக்கலாம். வீட்டார் எளிதில் போய்வர இயலாத சிறைக்கு மாற்றலாம். அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமை கைதிக்கும் உண்டு. சிகிச்சை அதில் அடங்கும். அதைக் கேட்கும் துணிவைத்தான் பழிவாங்கும் பயம் பறித்துவிடுகிறது.

இப்பயத்திற்கும் சட்டத்தில் விடை உண்டு. திகார் சிறையில் மரண தண்டனைக் கைதியாயிருந்த சுனில் பத்ரா, சக கைதி ஒருவரை வார்டர் கொடூரமாகத் துன்புறுத்தியது குறித்து உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்குக் கடிதம் எழுதினார். பார்க்க வரும் உறவினரிடம் பணம் கறப்பதற்காகவே அக்கொடுமை என்பது குற்றச்சாட்டு. (தம் கழுத்துக்கே கயிறு காத்திருக்க, அவர் பிறருக்காக எழுதினார்!) அக்கடிதத்தையே மனுவாக ஏற்றது நீதிமன்றம். நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய 1979 டிசம்பர் தீர்ப்பின்படி, தனிமைச் சிறை, சலுகை மறுப்பு, தண்டனையாக அமையும் இடமாற்றம் ஆகியவற்றைச் செஷன்ஸ் நீதிபதியின் பரிசீலனையின்றி விதிக்கக் கூடாது. அவசரமெனில் இரண்டு நாட்களுக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும். சிறைகளில் புகார்ப் பெட்டி வைக்கவும் அத்தீர்ப்பே பணித்தது.

குற்றவாளிக்கு ஏன் இத்தனை பரிவு என்று நம்மிலேயே சிலர் கேட்கின்றனர். இமாம் அபூ யூசுஃப் (ரஹ்) கலீஃபா ஹாரூன் ரஷீதுக்காக எழுதிய 'கிதாபுல் கராஜ்' நூலில், கைதிகளுக்கு மாதப்படியும், கோடைக்கும் குளிருக்கும் ஏற்ற ஆடையும் வழங்கக் கோருகிறார். அவர் பேசியது குற்றமிழைத்தோரைக் குறித்தும்தான்.

எனவே வாய்மொழியாகக் கெஞ்சுவதை விட்டு எழுத்தில் கேட்போம். நோய், மருந்தின் பெயர், கேட்ட தேதி ஆகியவற்றைக் குறித்துச் சிறைக் கண்காணிப்பாளருக்கு மனு அனுப்பி, நகலை மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கும் அனுப்பலாம். 1987ஆம் ஆண்டின் சட்டப்படி, காவலில் இருப்பவர் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவிக்கு உரியவர். மனுவுக்குப் பின் திடீர் இடமாற்றமோ நேர்காணல் மறுப்போ நேர்ந்தால், செஷன்ஸ் நீதிபதியிடம் காட்ட அந்தத் தேதிகள் கைகொடுக்கும்.

ரமளானில் சிறைவாசிகளின் நோன்பு திறப்புக்கு உதவும் ஜமாஅத்துகள், எழுதத் தெரியாத தாய்மாருக்கு இந்த மனுவை எழுதித் தரவும் ஒருவரை அமர்த்தட்டும்.