எபிரேயர் படைப்புரையும் சைவர் மறுப்புரையும்

சென்னை மாநகரின் மேற்கெல்லையிலுள்ள பூவிருந்தவல்லி, ஆவடி, அம்பத்தூர் முதலிய ஊர்களும் அவற்றின் சூழலும் சைவத்திற்குப் பழைய நிலம். திருஞானசம்பந்தர் பாடிய திருவேற்காடும், சுந்தரர் பாடிய வடதிருமுல்லைவாயிலும் இவ்வெல்லைக்கண்ணே உள்ளன. சேக்கிழார் பெருமான் அவதரித்த குன்றத்தூரும் அணித்தே உளது. தொழிற்சாலைகள் பெருகிய பின்னர்ப் பல மாவட்டத்தினரும் பல சமயத்தினரும் இங்குக் குடியேறி அயலவராய் வாழ்கின்றனர். உலகம் எங்ஙனம் தோன்றிற்று என்னும் வினா இத்தகைய அயலவரிடையே வாதமாக எழுதல் இயல்பே. ஆயின் அவ்வாதத்தில் இருசாராரும் ஒரு பிழையையே செய்கின்றனர். எபிரேயரது ஆதியாகமம் யாது கூறுகின்றது என்று நோக்காமலே, ஒருசாரார் அதனைக் கொண்டு மாயையை மறுக்கின்றனர். சைவருள் ஒருசாரார் அதனை நகையாடுகின்றனர். மறுப்பும் நகையும் ஆராய்ச்சியாகா.

கிறித்தவப் போதகருட் சிலர் கூறுவது இது: “குடம் வனையக் குயவனுக்கு மண் வேண்டும். சிவனுக்கும் மாயை வேண்டுமென்றால் அவன் குயவனை ஒப்பவனேயன்றி முற்றும் வல்லவன் ஆகான். எங்கள் ஆண்டவரோ யாதுமில்லாமையினின்றே உலகனைத்தையும் படைத்தார்.” இதற்கு விடை பகர முற்படும் சைவ இளைஞர் பலர், “சூரியன் தோன்றியது நான்காம் நாளாயின் முன் மூன்று நாள்களை அளந்தவர் யார்?” என்று வினவிக் கைகொட்டி நகைத்து அமைகின்றனர். எழுந்த தடைக்கு இது விடையன்று. எண்ணற்ற புராணங்களையுடைய ஒரு சமயத்தார் பிறர் புராணத்தை நகைக்கப் புகின், அந்நகை தம்பாலே திரும்பும் என்பதையும் அவர் மறந்தனர்.

சைவ ஆசிரியர்களின் நெறி இதுவன்று. அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியார் பரபக்கத்தில் உலகாயதர் முதற் பாஞ்சராத்திரிகள் ஈறாகப் பதினான்கு மதத்தாரை மறுக்கின்றார். அவ்வவர் கொள்கையை அவ்வவர் வாயிலாகவே முன்னர் நிறுத்திப் பின்னரே மறுக்கின்றார். எபிரேயர் கொள்கை அப்பதினான்கனுள் இல்லை. அக்குறையை ஒருவாறு நிறைத்தவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர். பேர்சிவல் பாதிரியாரோடிருந்து 1850இல் வெளிவந்த விவிலிய மொழிபெயர்ப்புக்கு உழைத்த அவர், அந்நூலின் சொல்லும் பொருளும் நன்கறிந்தவர். 1854இல் வெளியிட்ட ‘சைவ தூஷண பரிகாரம்’ என்னும் நூலிலே, சைவக் கிரியைகளை இகழ்ந்தார்க்கு எபிரேயர் வேதத்தில் விதிக்கப்பட்ட தூபதீபங்களையும் ஆசார விதிகளையும் எடுத்துக் காட்டினார். அதே ஆண்டில் ஹாய்சிங்டன் என்னும் அமெரிக்கப் பாதிரியார் சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் வெளியிட்டார். இருவரும் எதிரெதிர்ச் சமயத்தினரேனும், மறுக்கப் புகுமுன் கற்றவர்.

இனி அவ்வெபிரேய நூலை நோக்குக. எபிரேயரின் முதல் ஐந்து நூல்களையும் தமிழ்ப்படுத்தினோர் அவற்றுக்கு ‘ஆகமம்’ என்னும் சொல்லையே ஈற்றில் அமைத்தனர். சைவர் தம் முதனூலுக்கு வழங்கும் சொல் அது. அவற்றுள் முதலதாகிய ஆதியாகமத்தின் தொடக்கத்தில் படைப்புரை ஒன்றன்று, இரண்டு உள்ளன.

முதலுரையில் ஆறு நாட்படைப்பும் ஏழாநாள் ஓய்வும் கூறப்படும். அதில் முதல்நாட்கு ஒளி உண்டாகுக எனும் கட்டளை பிறக்குமுன்னரே இருளும், உருவற்ற வெறுமையும், ஆழ்நீரும் உள்ளனவாகப் பேசப்படுகின்றன. அந்நீரை இறைவன் இன்ன நாளிற் படைத்தான் என்னும் கூற்று அந்நாள்களில் யாண்டும் இல்லை. அவன் செய்வது பிரித்தலும் வகுத்தலும் பெயரிடுதலுமே. மூன்றாம் நாளில் நிலம் புதிதாய் ஆக்கப்படுவதன்று. நீர் ஒதுங்க அது காணப்படுகின்றது. முல்லைவாயிலிற் தொண்டைமான் வாளால் முல்லைக்கொடியை அரிந்தபோது சிவலிங்கம் வெளிப்பட்டதென்பது தலவரலாறு. வாள் இலிங்கத்தைப் படைத்ததன்று. மறைந்திருந்தது வெளிப்படுதற்கு அது வாயிலாயிற்று. உள்ளதே தோன்றும், இல்லது தோன்றாது என்னும் சற்காரியவாதத்திற்கு அயலூர்க் கதையொன்றே சான்றாகும்.

முதல் வாக்கியத்தைத் தனித்த முற்றாகக் கொண்டு, நீரும் இருளும் அப்படைப்பின்பாற் பட்டனவே என்பாரும் உளர். ஆயின் பதினோராம் நூற்றாண்டில் வாழ்ந்த ராசி என்னும் யூத உரையாசிரியர், அவ்வாக்கியத்தை ‘இறைவன் படைக்கத் தொடங்கியபொழுது’ எனப் பின்வருவதனோடு இயைத்தே பொருள் கொண்டார். ‘பாரா’ என்னும் எபிரேய வினைச்சொல்லே இன்மையினின்று படைத்தலைக் குறிக்கும் என்பாரும் உளர். அச்சொல் அவ்வதிகாரத்திலேயே மனிதனைப் படைத்தற்கும் வழங்குகின்றது. அம்மனிதனோ அடுத்த உரையில் மண்ணினின்று ஆக்கப்படுகின்றான். ஆதலின் அச்சொல்லால் அக்கொள்கை பெறப்படாது.

இரண்டாமுரை முறையால் வேறுபட்டது. அதில் மனிதன் முன்னும், தோட்டமும் விலங்குகளும் பின்னும், பெண் இறுதியிலும் தோன்றுவர். இறைவன் பெயரும் மாறுகின்றது. இவ்வேறுபாட்டைக் கொண்டு 1753இல் அஸ்த்ரூக் என்னும் பிரெஞ்சு மருத்துவர், இவை வெவ்வேறு மூலங்களினின்று தொகுக்கப்பட்டன என்று காட்டினார். இவ்வுரையில் மனிதனை மண்ணால் உருவாக்கியதைக் குறிக்கும் வினைச்சொல், எபிரேயர் குயவன் தொழிலுக்கு வழங்கும் சொல்லேயாம். குயவன் என்னும் பெயரும் அவ்வினையடியாகப் பிறந்ததே. சிவனைக் குயவன் என்று இகழ்வார் தம் வேதமும் இறைவனைக் குயவனாகவே காட்டுதலை அறியாது இகழ்ந்தனர்!

அற்றேல், இன்மையினின்று படைப்பு என்னும் கொள்கை எங்கிருந்து வந்தது? பிற்கால யூதநூலாகிய இரண்டாம் மக்கபேயரில் அதன் குறிப்புண்டு. சாலமோனின் ஞானம் என்னும் மற்றொரு நூலோ உருவற்ற பொருளினின்று உலகம் ஆக்கப்பட்டதென்கின்றது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அந்தியோக்கியத் தெயோபிலு முதலியோர் கிரேக்கத் தத்துவரோடு வாதிட்டு இன்மைக் கொள்கையை வலியுறுத்தினர். 1215இல் இலாத்தரன் சங்கம் அதனைத் திருச்சபைக் கோட்பாடாக அறிவித்தது. எனவே அஃது உரையாசிரியர்களின் முடிபேயன்றி மூலநூலின் வெளிப்படைச் சொல்லன்று. உரை வழியாகக் கொள்கை வளர்தல் குற்றமன்று. சைவமும் அங்ஙனம் வளர்ந்ததே. உரையை மூலமென்று கூறிப் பிறரை இகழ்தலே குற்றம்.

இனி எழுந்த தடைக்கு விடை வருமாறு. சித்தாந்தம் மாயையை முதற்காரணமாகவும், சத்தியைத் துணைக்காரணமாகவும், சிவனை நிமித்த காரணனாகவும் கொள்ளும். குயவனுக்கு மண் அவன் ஆணைக்கு அடங்காத புறப்பொருள். அதனை அவன் வேற்றிடத்தினின்று தேடிக் கொணர்தல் வேண்டும். மாயையோ இறைவனுக்குப் பரிக்கிரக சத்தி. என்றும் அவன் உடைமையாய் அவன் ஆணைவழி நிற்பது. உடைமையைக் கொண்டு செய்தல் ஆளுதலாகுமன்றி இரத்தலாகாது. உவமையை எல்லாக் கூற்றிலும் ஏற்றி இடர்ப்படுதல் வாதநெறியன்று.

இவ்வாதத்தின் உயிர்நிலை பிறிதோரிடத்தில் உள்ளது. பிறவியிலேயே கண்ணிழந்த குழவியை மடியிற் கிடத்திய தாய், “இது யாரால் வந்தது?” என்று வினவுகின்றாள். படைப்புக்கு முன் இறைவனையன்றி வேறொன்றும் இல்லையெனின், அவ்வினா நேரே இறைவன்பாற் செல்லும். முதன் மனிதன் தன் விருப்பால் வழுவினான் என்பர். அவ்வழுவைச் செய்யாத குழவி அதனைச் சுமப்பதேன் என்னும் வினா அதனால் தீராது. எபிரேயரின் யோபு நூலே அவ்வினாவோடு நெடிது போராடியது. சித்தாந்தம் கூறும் விடை வேறு. ஆணவ இருள் அநாதி. அதனை இறைவன் படைத்திலன். உடலும் உலகும் அவ்விருளிற் கிடக்கும் உயிர்க்கு அவன் ஏற்றித் தந்த விளக்கு. ஆதலின் படைப்பு தண்டனையன்று, அருள். ஆயின் இவ்விடையை அத்தாயின் முகத்தெதிரே ‘உன் பிள்ளை வினை’ என்று எறிபவன் சித்தாந்தி அல்லன். அக்குழவிக்குக் கைகொடுத்து நடத்துவதே விளக்கை ஏந்துவதாகும்.

நகையாடும் சைவர்க்கு இறுதியாகக் கூறற்பாலது ஒன்று. ஆறு நாட்படைப்புரை, எருசலேம் அழிந்து மக்கள் பாபிலோனுக்குச் சிறைசென்ற கி.மு. ஆறாம் நூற்றாண்டை ஒட்டி உருப்பெற்றதென்று ஆராய்ச்சியாளர் பலர் கொள்வர். பாபிலோனியர் கதையில் மார்தூக்கு என்னும் தெய்வம் தியாமத்து என்னும் கடற்பெண்ணைக் கொன்று, அவள் உடலைப் பிளந்து வானமாக்குகின்றது. அக்கதை பொறித்த களிமண் ஏடுகளை ஜார்ஜ் சுமித்து என்பார் 1876இல் உலகறியச் செய்தார். கோயிலும் நாடும் இழந்த எபிரேயரோ போரும் கொலையுமின்றி ஒரு சொல்லால் உலகு ஒழுங்குற்றதென்று எழுதினர். வென்றோர் வணங்கிய ஞாயிற்றையும் திங்களையும் பெயராலும் சுட்டாது, பெருஞ்சுடர் சிறுசுடர் என்று கூறி வெறும் விளக்குகளாக்கினர். நாள்வரிசை அவர்க்கு வானநூற் கணக்கன்று. தளர்ந்த குடிகட்கு ஊன்றுகோல். கி.மு. 4004இல் உலகு தோன்றிற்று என்பதும் 1650இல் அசர் என்னும் அயர்லாந்துப் பேராயர் கணித்ததேயன்றி அந்நூலிற் காணப்படுவதன்று.

ஆதலின் வாதிக்க விரும்பும் சைவன் முதற்கண் ஆதியாகமத்தின் முதல் இரண்டதிகாரத்தையும் கற்கக் கடவன். வாதிக்க விரும்பும் கிறித்தவன் சிவஞானபோதத்தின் முதற்சூத்திரத்தைக் கற்கக் கடவன். அங்ஙனம் கற்றார் இருவர் திருவேற்காட்டுத் தெருவில் எதிர்ப்பட்டால், உடன்படாது பிரியினும் பகைத்துப் பிரியார். பரபக்கம் உணராதார்க்குச் சுபக்கமும் விளங்காது.