மலைமேல் தலைவலி... ஃபைலில் டி70.29!

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் லெட்வில் என்று ஒரு சின்ன மலை ஊர். உயரம் 3,000 மீட்டருக்கும் மேல். சுற்றுலா வந்த ஒருவருக்கு முதல் நாள் ராத்திரியே தலை விண்விண்ணென்று தெறிக்கிறது, குமட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். எமர்ஜென்சியில் காட்டிவிட்டு அறைக்குத் திரும்புகிறார். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் போகும் முன், அவருடைய ஃபைல் சென்னையில் ஒரு மெடிக்கல் கோடரின் திரையில் வந்து நிற்கலாம். அமெரிக்க மருத்துவமனைகளுக்கான கோடிங் வேலைதான் இங்கே ஏராளமான பட்டதாரிகளுக்குச் சோறு போடுகிறது.

டாக்டர் எழுதிய நோயை எண்ணாக மாற்றுவது கோடரின் வேலை. மலை நோய்க்கு டி70.29. 'உயரத்தால் வந்த பாதிப்பு' என்று மொட்டையாக இருந்தால் டி70.20. பல மாதம் உயரத்திலேயே வாழ்ந்து ரத்தத்தில் சிவப்பணுக்கள் பெருகிவிட்டால், ரத்த நோய்ப் பிரிவில் டி75.1. தமிழில் எழுதினால் எல்லாமே 'டி'தான். ஆங்கிலத்தில் முதல் இரண்டும் டைகரின் டி, கடைசியது டாக்டரின் டி. மாற்றி அடித்தால் வேறு நோயாகிவிடும்!

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. டாக்டர் 'தலைவலி, வாந்தி' என்று மட்டும் எழுதியிருந்தால், ஊர் பெயரைப் பார்த்து விஷயம் புரிந்தாலும் கோடர் அதை மலை நோய் என்று ஊகிக்கக் கூடாது. 'மலை நோயாக இருக்கலாம்' என்று எழுதினாலும், வெளிநோயாளி விஷயத்தில் அது செல்லாது. டாக்டரிடம் விளக்கம் கேட்கலாம். பதில் வராவிட்டால் தலைவலிக்கான ஆர்51 வரிசை எண்தான்.

அதனால் என்ன என்று தோன்றலாம். ஒருமுறை மலை நோய் வந்தவருக்கு, அடுத்த முறை உயரம் ஏறும்போதும் வரும் வாய்ப்பு அதிகம். ஃபைலில் வெறும் தலைவலி என்றிருந்தால் அடுத்த டாக்டருக்கு அந்த எச்சரிக்கை போய்ச் சேராது. இத்தனைக்கும், இரண்டு நாளில் சரியாகும் தலைவலியும், நுரையீரலில் நீர் கோத்து உயிரையே எடுக்கும் நிலையும் அதே டி70.29க்குள்தான் வருகின்றன. எண்ணை மட்டும் பார்த்தால் எது என்று தெரியாது. டாக்டரின் வரிகளைத்தான் படிக்க வேண்டும்.

டெல்லியில் விமானம் ஏறி லே போகிறவர்களுக்கும் இது பொருந்தும். ஒன்றரை மணி நேரத்தில் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இறங்குகிறார்கள். காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். உடம்பு பழக நாளாகும். முடியாமல் டாக்டரிடம் போனால், என்றைக்கு வந்து சேர்ந்தீர்கள், விமானத்திலா காரிலா, ராத்திரி எந்த ஊரில் தூங்கினீர்கள், முன்பு இப்படி வந்ததுண்டா என்பதையும் சொல்லுங்கள். சீட்டில் அது பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ காத்திருக்க வேண்டாம், உடனே கீழே இறங்க வேண்டும். 300 முதல் 1,000 மீட்டர் இறங்கினாலே பெரும்பாலும் குணம் தெரியும்.