பறிகொடுத்தவனுக்குச் சொல்லுங்கள்!

வீட்டில் களவு போனால் முதலில் யாருக்குத் தெரிய வேண்டும்? வீட்டுக்காரனுக்கு. போலீசுக்குத் தெரிந்து, அதிகாரிக்குத் தெரிந்து, வாங்கி விற்கிற திருட்டுச் சந்தைக்கும் தெரிந்து, வீட்டுக்காரனுக்கு மட்டும் தெரியவில்லை என்றால் அந்த ஊரை என்னவென்பது? பெயர், முகவரி, ஆதார் எண், பான் எண், வங்கிக் கணக்கு, நோய் விவரம் ஆகியவை கணினியிலிருந்து களவு போகும் விஷயத்தில் இந்த நாடு நெடுங்காலம் அப்படிப்பட்ட ஊராகவே இருந்து வந்திருக்கிறது.

2017 ஏப்ரலில் ஜார்க்கண்டில் நடந்ததை நினைவுபடுத்துகிறோம். அங்கே சமூகப் பாதுகாப்புத் துறையின் இணையதளத்தில், ஓய்வூதியம் பெறும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட முதியோரின் பெயரும் ஆதார் எண்ணும் வங்கி விவரமும் யாரும் பார்க்கலாம் என்று திறந்து கிடந்தன. திருடன் கன்னக்கோல் எடுக்க வேண்டிய வேலைகூட இல்லை. பத்திரிகைகள் எழுதிய பிறகே விஷயம் வெளியே வந்தது. 2021-இல் ஏர் இந்தியா பயணிகளின் விவரங்கள், அவற்றைப் பராமரித்துவந்த எஸ்.ஐ.டி.ஏ. என்ற வெளிநாட்டு நிறுவனத்தின் கணினியிலிருந்து களவு போயின. பாதிக்கப்பட்டோர் ஏறத்தாழ 45 லட்சம் பேர். களவு நடந்தது பிப்ரவரியில். பயணிகளுக்குக் கடிதம் வந்தது மே மாதத்தில். பத்தாண்டுக் காலப் பயணிகளின் விவரங்கள் அவை. வளைகுடாவுக்கு விமானம் ஏறிய நம்மவர் எத்தனை பேர் அந்தக் கடிதத்தைக் கண்டார்கள்?

2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் ஓர் உத்தரவு போட்டது. கணினித் தாக்குதல் தெரியவந்த ஆறு மணி நேரத்துக்குள் தங்களுக்குத் தகவல் தர வேண்டும் என்றது. விரைவு வேண்டியதுதான். ஆனால் விவரத்தைப் பறிகொடுத்தவனுக்கு ஆறு மாதத்திலாவது சொல்லுங்கள் என்று அதில் ஒரு வரியும் இல்லை.

அந்தக் குறையைத் தீர்க்க வந்தது 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். தனிமை குடிமக்களின் அடிப்படை உரிமை என்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017-இல் தீர்ப்பளித்து ஆறு ஆண்டு கழித்து வந்த சட்டம். சும்மா சொல்லக் கூடாது, எட்டாவது பிரிவின் ஆறாவது உட்பிரிவு நல்ல ஏற்பாடு. களவு பெரிதோ சிறிதோ, தரவு வாரியத்துக்கும் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தெரிவித்தே ஆக வேண்டும். ஐரோப்பியச் சட்டமோ பெரிய ஆபத்து என்றால்தான் ஆளுக்குச் சொல்லச் சொல்கிறது. சொல்லத் தவறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம் போடவும் நம் சட்டத்தில் வழியுண்டு. (நம் நாட்டுச் சட்டங்களில் குடிமக்களை ஆண்பெண் பேதமின்றி ‘அவள்’ என்றே எழுதியதும் இந்தச் சட்டந்தான். அதையும் பாராட்டிவிடுவோம்.)

சட்டம் வந்த பிறகு விதிகள் வர 2025 நவம்பர் வரை காத்திருந்தோம். வந்த விதிகளும், இந்தக் கடமை நடைமுறைக்கு வருவதற்குப் பதினெட்டு மாத அவகாசம் கொடுத்தன. இந்தியாவில் களவாணிகளுக்கு யாரும் அவகாசம் கொடுத்ததாக நாம் கேள்விப்படவில்லை.

காலதாமதத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். விதியின் உள்ளே இருக்கும் ஓட்டையைத்தான் பொறுக்க முடியவில்லை. என்ன களவு போனது, எப்போது போனது, அதனால் என்ன தீங்கு வரும், தற்காத்துக்கொள்ள என்ன செய்யலாம், யாரைக் கேட்கலாம் என்று சுருக்கமாக, தெளிவாக, தாமதமின்றிச் சொல்ல வேண்டும் என்கிறது விதி. எப்படிச் சொல்வது? அவருடைய பயனர் கணக்கின் வழியாகவோ, அவர் பதிவு செய்துள்ள வேறு தொடர்பு வழியிலோ சொன்னால் போதும்.

இங்கேதான் நம் மக்களின் வாழ்க்கை சட்டத்தோடு முட்டிக்கொள்கிறது. திருநெல்வேலியிலோ கள்ளக்குறிச்சியிலோ இருந்தபோது வாங்கிய சிம்மை வைத்து வங்கிக் கணக்குத் திறந்திருப்பான். மும்பைக்கு வந்ததும் வேறு எண். கம்பெனி மாறினால் வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் இன்னோர் எண். அதுவும் பல நேரம் மேஸ்திரியின் எண். பழைய எண்ணை இப்போது யாரோ வைத்திருக்கிறான். களவு போன செய்தி அந்த யாரோவுக்குப் போகும். அல்லது நம் ஆள் ஒருநாளும் திறந்து பார்த்திராத ‘பயனர் கணக்கில்’ போய்ப் படுத்திருக்கும். கம்பெனி கையைத் துடைத்துக்கொள்ளும்: நாங்கள் சொல்லிவிட்டோம்!

அடுத்தது மொழி. நம் விவரத்தை வாங்கும்போது தரும் அறிவிப்பையும் ஒப்புதல் கோரிக்கையையும் ஆங்கிலத்திலோ எட்டாவது அட்டவணையிலுள்ள எந்த மொழியிலோ படிக்க நமக்கு வசதி செய்துதர வேண்டும் என்று சட்டத்தின் ஐந்தாம், ஆறாம் பிரிவுகள் சொல்கின்றன. தமிழும் அதில் அடக்கம். ஆனால் களவு போனதைச் சொல்லும் பிரிவிலும் விதியிலும் மொழியைப் பற்றிப் பேச்சே இல்லை. வாங்கும்போது தமிழ், பறிகொடுத்த பின்பு ஆங்கிலமா? தாராவியில் தோல் பட்டறையில் நிற்கிறவனுக்கு ‘தெளிவாக’ என்றால் என்ன பொருள் என்று விதி எழுதியவர்கள் எண்ணிப் பார்த்தார்களா? ஒப்புதல் கேட்ட மொழியிலேயே களவுச் செய்தியும் வர வேண்டும் என்று ஒரு வரி சேர்ப்பதில் அரசுக்கு என்ன நட்டம்?

சட்டத்தில் ஒரு வரி இருந்தால் என்ன நடக்கும், இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்கா சாட்சி. 2002-இல் கலிபோர்னியா மாநில அரசின் கணினி மையத்தில் இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான அரசு ஊழியர்களின் சம்பள விவரம் திருடு போனது. ஊழியர்களுக்கோ பல வாரம் கழித்தே சொன்னார்கள். அந்தக் கோபத்தோடு பிறந்து 2003 ஜூலையில் நடைமுறைக்கு வந்ததுதான் இவ்வகையில் முதல் சட்டம். 2005-இல் சாய்ஸ்பாயிண்ட் என்ற கம்பெனி, மக்களின் விவரங்களை வணிகர் வேடத்தில் வந்த மோசடிக்காரர்களுக்கு விற்றுவிட்டது. முதலில் கடிதம் போனது கலிபோர்னியாக்காரர் சுமார் 35,000 பேருக்குத்தான். அங்கேதான் சட்டம் இருந்தது. மற்ற மாநிலங்கள் கூச்சல் போட்ட பிறகு மேலும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோருக்குக் கடிதம் கிளம்பியது. சட்டம் கேட்ட அளவுக்கே கம்பெனியின் மனச்சாட்சி வேலை செய்தது.

இன்னொன்றையும் கேட்கிறோம். அபராதமாக வரும் கோடிகள் எங்கே போகும்? இந்தியத் தொகுப்பு நிதிக்கு. பறிகொடுத்தவனுக்கு ஒரு காசும் இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு, கவனக்குறைவால் நட்டம் விளைவித்த நிறுவனத்திடம் இழப்பீடு கேட்க வழி வைத்திருந்தது. புதிய சட்டம் அந்தப் பிரிவையே எடுத்துவிடுகிறது. பொய்ப் புகார் கொடுத்தால் மட்டும் குடிமகனுக்கே பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு! நாட்டுப் பாதுகாப்பு, பொது அமைதி என்று காரணம் காட்டி எந்த அரசு அமைப்பையும் இந்தச் சட்டத்துக்கு வெளியே நிறுத்திவைக்க மத்திய அரசுக்கு அதிகாரமும் இருக்கிறது. அப்படி நிறுத்திய அமைப்பில் களவு போனால் நமக்குச் சொல்ல எவருக்கும் கடமை இல்லை.

ஆகவே நாம் கேட்பது இது: செய்தி தமிழில் வரட்டும். உயிரோடிருக்கும் எண்ணுக்கு வரட்டும்; சேரவில்லை என்றால் விவரம் வாங்கிய வங்கிக் கிளையிலும் வேலைத்தலத்து வாயிலிலும் ஒட்டட்டும். இழப்பீட்டு வழியைத் திருப்பித் தரட்டும். நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருக்கும் தமிழ்நாட்டு உறுப்பினர்கள், ஊரில் ஓட்டுள்ளவனுக்காக மட்டுமின்றி வெளியூரில் உழைக்கிறவனுக்காகவும் இதைக் கேட்கட்டும்.

அதுவரை நம்மவர் சும்மா இருக்க வேண்டாம். வங்கியிலும் வருங்கால வைப்பு நிதியிலும் உங்கள் இன்றைய எண் இருக்கிறதா என்று இந்த மாதமே பாருங்கள். ‘உங்கள் விவரம் களவு போய்விட்டது, இதை அழுத்துங்கள்’ என்று மோசடிக்காரனும் செய்தி அனுப்புவான். அழுத்தாதீர்கள், ஓ.டி.பி. எண்ணை எவர் கேட்டாலும், சங்கத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டாலும், கொடுக்காதீர்கள். புரியாத கடிதமோ செய்தியோ வந்தால் சங்க அலுவலகத்துக்கு எடுத்து வாருங்கள். படித்துச் சொல்ல ஆள் இருக்கிறது.